தாய்லாந்து மொழியிலும் காசி மொழியிலும் முகமன், பணிவுச்சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவ்விரு மொழிகளின் பெயரைத் தமிழில் எழுதும்போதே ஒரு தடுமாற்றம் வந்துவிடுகிறது. 'தாய் மொழி' என்றால் அன்னையின் மொழி என்றும், 'காசி மொழி' என்றால் கங்கைக்கரை நகரத்தின் பேச்சு என்றும் நினைக்க இடமுண்டு. ஆகவே பாங்காக்கின் மொழியைத் 'தாய்லாந்து மொழி' என்றும், மேகாலயத்தின் ஷில்லாங், சோரா (சேராப்புஞ்சி) முதலிய மலைப்பகுதிகளின் மொழியைக் 'காசி மொழி' என்றும் இங்கே குறிக்கிறோம்.

இவ்விரு மொழிகளும் ஒன்றுக்கொன்று உறவுடையவையா?

இல்லை. காசி மொழி ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. கம்போடியாவின் கெமர், பர்மாவின் மோன், வியட்நாமிய மொழி ஆகியவை அதன் தூரத்து உறவினர்கள். தாய்லாந்து மொழியோ கிரா-தை குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் ஒரு விந்தை உண்டு. காசி மொழியின் உறவினர்கள் தாய்லாந்தின் அண்டை வீட்டில் இருக்கிறார்கள். தாய்லாந்து மொழியின் உறவினர்களோ காசி மலைகளுக்கு அண்டையிலுள்ள அசாமில் இருக்கிறார்கள். 1228இல் அசாமுக்கு வந்து அரசமைத்த அகோம் மக்களின் பழைய மொழி தை இனத்து மொழியே. குடும்பங்கள் இப்படி இடம்மாறி அமர்ந்திருந்தாலும், 'சாப்பிட்டாயா' என்று நலம் விசாரிப்பதிலும் முன்பின் அறியாதவரை அக்கா, அண்ணன் என்று அழைப்பதிலும் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன.

ஒருவரைச் சந்தித்ததும் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

தாய்லாந்தில் 'சவத்தீ' என்று சொல்ல வேண்டும். பேசுபவர் ஆணானால் 'சவத்தீ க்ரப்' என்றும், பெண்ணானால் 'சவத்தீ கா' என்றும் முடிப்பார். காலை, மாலை, இரவு என்ற வேறுபாடு இதற்கு இல்லை. 'அருண் சவத்', 'ராத்ரீ சவத்' என்று காலைக்கும் இரவுக்கும் தனி வாழ்த்துகள் உண்டு. அவற்றில் அருணனையும் இராத்திரியையும் தமிழர் உடனே அடையாளம் கண்டுகொள்வர். ஆனால் கடைத்தெருவில் 'அருண் சவத்' என்று சொன்னால், நம்மூர்க் காய்கறிக் கடையில் நின்று 'காலை வணக்கம்' என்று சொன்னது போல மேடைத்தன்மையோடு ஒலிக்கும்.

காசி மொழியில் 'குப்லேய்' என்று சொல்ல வேண்டும். இதன் ஈற்றிலுள்ள 'ப்லேய்' கடவுளைக் குறிக்கும் சொல். 'இறைவன் அருள்க' என்பதே பொதுவாகச் சொல்லப்படும் பொருள். சந்திக்கும்போதும், நன்றி சொல்லும்போதும், விடைபெறும்போதும் இந்த ஒரு சொல்லே போதும். கிறித்தவராக மாறியவர்களும் மரபுச் சமயத்தைப் பின்பற்றுபவர்களும் வேறுபாடின்றி இதைப் பயன்படுத்துகிறார்கள். நெருங்கிப் பழகியவர்கள் 'கும்னோ?' என்று மட்டும் கேட்டுக்கொள்வதும் உண்டு. அதன் பொருள் 'எப்படி?' என்பதுதான்.

'சவத்தீ' மிகப் பழமையான சொல்லா?

சொல்லின் வேர் பழமையானது. முகமனாக அதன் வயது நூறு ஆண்டுகள்கூட இல்லை. சமஸ்கிருதத்தின் 'ஸ்வஸ்தி' என்பதிலிருந்து, பாங்காக்கின் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த பிராயா உபகித் சில்பசான் என்ற மொழியறிஞர் 1930களில் இதை முகமனாக உருவாக்கி மாணவர்களிடையே வழக்குக்குக் கொண்டுவந்தார். அன்றைய பிரதமர் பீபூன் சொங்க்ராமின் அரசு 1943 ஜனவரியில் இதையே நாட்டின் அதிகாரபூர்வ முகமனாக அறிவித்தது. நம் கல்வெட்டுகளின் தலைப்பில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று நிற்கும் அதே சொல்தான் இன்று பாங்காக்கின் தேநீர்க் கடைகளில் புழங்குகிறது. எழுதும்போது 'ஸ' இன்னும் அச்சொல்லின் நடுவில் நிற்கிறது. ஒலிக்கும்போது அது 'த்' ஆகிவிடுகிறது.

'க்ரப்', 'கா' என்பவற்றுக்கு என்ன பொருள்? அவற்றை விட்டுவிட்டுப் பேசலாமா?

அகராதிப் பொருள் என்று எதுவும் அவற்றுக்கு இல்லை. வாக்கியத்தின் கடைசியில் நின்று பேச்சைப் பணிவாக்குவதே அவற்றின் வேலை; நம் 'ங்க' இதற்கு மிக அருகில் வரும். 'ஆமாங்க', 'இல்லைங்க', 'சொல்லுங்க' என்பவற்றில் அந்த 'ங்க' இல்லாவிட்டால் பேச்சு எவ்வளவு மொட்டையாகிவிடுமோ, அவ்வளவு மொட்டையாகிவிடும் 'க்ரப்' இல்லாத பேச்சு. எனவே அறிமுகமில்லாதவரிடமும் மூத்தவரிடமும் விட்டுவிடக் கூடாது. தனியாகச் சொன்னாலே 'ஆம், கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்ற பொருளைத் தரும் என்பதால், தொலைபேசியில் பேசும் ஆண் ஒருவர் 'க்ரப், க்ரப்' என்று அடுக்கிக்கொண்டே போவதைக் கேட்கலாம். அன்றாடப் பேச்சில் நடுவிலுள்ள ரகரம் பெரும்பாலும் தேய்ந்து 'கப்' என்றே காதில் விழும்.

வெளியூர்க்காரர் தவறுவது இங்கேதான். எதிரில் நிற்பவர் பெண் என்பதால் 'கா' என்று சொல்ல வேண்டும் என்று ஆண்கள் பலர் எண்ணிவிடுகிறார்கள். இச்சொல் காட்டுவது கேட்பவரின் பாலை அன்று, பேசுபவரின் பாலை. பெண்ணிடம் பேசினாலும் ஆண் 'க்ரப்' என்றே சொல்வார். 'நான்' என்ற சொல்லும் இப்படிப் பிரிந்தே நிற்கிறது. ஆண் தன்னைப் பணிவாகப் 'போம்' என்பார். பெண் முறையான பேச்சில் 'திச்சான்' என்பார். 'போம்' என்பதற்கு நேர்ப்பொருள் 'தலைமயிர்' என்பதைக் கேட்டு வியப்பவர்கள், 'அடியேன்' என்பது எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்த்தால் வியப்பு அடங்கிவிடும்.

காசி மொழியிலும் ஆண், பெண் வேறுபாடு உண்டா?

உண்டு. ஆனால் திசை நேர் எதிரானது. காசி மொழியில் 'நான்' என்பதற்கு 'ஙா' என்ற ஒரே சொல்தான். ஆணும் பெண்ணும் அதையே சொல்வார்கள். தமிழில் சொல்லின் முதலில் வர இடமே அரிதான ஙகரம் அங்கே ஒவ்வொரு வாக்கியத்தின் தலைப்பிலும் ஒலிக்கிறது. 'நீ' என்பதுதான் பிரிகிறது. ஆணை 'மே' என்றும் பெண்ணைப் 'பா' என்றும் சுட்டுவர். பேசுபவர் யார் என்பதைத் தாய்லாந்து மொழி வெளிக்காட்டும். கேட்பவர் யார் என்பதைக் காசி மொழி வெளிக்காட்டும். நமக்கு இது புதிதன்று. 'வாடா', 'வாடி' என்பவையும் கேட்பவரைப் பார்த்துத்தான் மாறுகின்றன. 'மே'யும் 'பா'வும் அவற்றைப் போலவே உரிமையுள்ளவர்களிடம் மட்டும் செல்லுபடியாகும்.

மரியாதை வேண்டுமானால் இவ்விரண்டையும் விட்டுப் 'பி' என்பதற்குப் போக வேண்டும். அது பன்மைச் சொல். ஒருவரையே மரியாதையாகக் குறிக்கவும் அதுவே பயன்படுகிறது. நம் 'நீங்கள்' எப்படிப் பன்மையிலிருந்து மரியாதைக்கு நகர்ந்ததோ, அதே வழிதான். 'கும்னோ பி லோங்?' என்றால் 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்று பொருள். 'ஙா பியாங்', அதாவது 'நன்றாக இருக்கிறேன்' என்று விடை சொல்லலாம். 'பியாங்' என்பதற்குப் 'போதுமானது, நிறைவானது' என்ற பொருளும் உண்டு என்பது கவனிக்கத் தக்கது. தாய்லாந்தில் இதே கேள்வி 'சபாய் தீ மை?' என்று வரும்; விடை 'சபாய் தீ'.

பிறரைப் பற்றிப் பேசும்போதும் காசி மொழியில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னும் ஆண்பாலுக்கு 'உ', பெண்பாலுக்கு 'கா' என்ற சிறு சொல் வரும். சூரியன் அங்கே பெண், நிலவு ஆண். ஆனால் தாயையும் தந்தையையும் மதிப்புக்குரிய மூத்தவரையும் குறிக்கும்போது 'இ' என்பதை வைக்கிறார்கள். சிறியவற்றைக் குறிக்கும் அந்த 'இ' அன்பாகவும் மரியாதையாகவும் மாறியிருப்பது அழகான செய்தி. தாய்லாந்து மொழியில் பெண் பேச்சை முடிக்கும் 'கா'வோடு இந்தப் பெண்பால் 'கா'வைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒலி ஒற்றுமை தற்செயலானது.

கைகூப்ப வேண்டுமா?

தாய்லாந்தில் கைகூப்பும் முறைக்கு 'வை' என்று பெயர். யார் முதலில் கூப்புவது, எவ்வளவு உயரத்தில் கூப்புவது என்பவையே அதன் இலக்கணம். இளையவர் முதலில் கூப்ப வேண்டும். மூத்தவர் பதிலுக்குக் கூப்புவார். ஒத்த வயதினருக்கு மார்பு அல்லது முகவாய் அளவிலும், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கட்டைவிரல் மூக்கு நுனியைத் தொடும் அளவிலும், பௌத்தத் துறவிகளுக்குக் கட்டைவிரல் புருவங்களின் நடுவைத் தொடும் அளவிலும் கைகள் உயரும். துறவிகள் திரும்பக் கூப்புவதில்லை. அதை அவமதிப்பாக எண்ணிவிடக் கூடாது. உணவகப் பணியாளர் கைகூப்பினால் புன்னகையோடு தலையசைத்தாலே போதும். எல்லாரையும் பார்த்து நெற்றிக்கு மேல் கைகளை உயர்த்தும் பயணியைத் தாய்லாந்து மக்கள் குறை சொல்வதில்லை, உள்ளூரச் சிரித்துக்கொள்வார்கள்.

காசி மலைகளில் இத்தகைய படிநிலை இல்லை. கைகுலுக்கலும் புன்னகையும் போதும்.

'சாப்பிட்டீர்களா?', 'எங்கே போகிறீர்கள்?' என்று கேட்பது இரு மொழிகளிலும் உண்டா?

இரண்டிலும் உண்டு. தாய்லாந்தில் 'கின் காவ் ரூ யாங்?' என்றால் 'சோறு சாப்பிட்டாயிற்றா, இன்னும் இல்லையா?' என்று பொருள். காசியில் 'பி லா பாம் ஜா?' என்பார்கள், 'ஜா' என்பது சமைத்த சோறு. இரண்டு மொழிகளிலும் உணவு என்றாலே சோறுதான். கேள்வியில் அது தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. காசி வீடுகளில் தேநீருக்கு அழைக்கும்போது 'அலே தி ஷா' என்பார்கள். 'வாருங்கள், தேநீர் குடியுங்கள்' என்பது அதன் பொருள்.

'எங்கே போகிறீர்கள்?' என்பது தாய்லாந்தில் 'பை நை?', காசியில் 'லெய்ட் ஷானோ?'. வழியில் எதிர்ப்படும் அண்டைவீட்டார் கேட்கும் இக்கேள்விக்கு முழு விவரம் தர வேண்டியதில்லை. 'சும்மா இங்கேதான்' என்று நாம் கையை ஆட்டிவிட்டுப் போவது போலப் பதில் சொன்னால் போதும். 'போகிற காரியத்தைக் கேட்காதே' என்று வளர்க்கப்பட்ட தமிழருக்கு மட்டும் இது சற்று உறுத்தலாம்.

காசி வீடுகளில் பாக்கு தருவது முகமனின் பகுதியா?

சொல்லைவிட முக்கியமான பகுதி என்றே சொல்ல வேண்டும். 'க்வாய்' எனப்படும் பாக்கை, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு விருந்தினருக்கு முதலில் தருவார்கள். நம்மூர்க் கொட்டைப்பாக்கைப் போல உலர்ந்ததாக அது பெரும்பாலும் இராது. ஈரமான பாக்கு ஆதலால் பழக்கமில்லாதவருக்கு உடம்பு சூடேறி, காது சிவந்து, வியர்த்துவிடும். முதன்முறை மெல்பவர் சிறு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மெல்ல முடியாவிட்டாலும் முகத்தைச் சுளிக்காமல் 'குப்லேய்' என்று சொல்லிப் பெற்றுக்கொள்வதே அங்குள்ள 'அகோர்', அதாவது நன்னடத்தை. முற்காலத்தில் நடந்து செல்லும் தூரத்தைக்கூட எத்தனை க்வாய் மென்று முடிக்கும் தொலைவு என்று அளந்திருக்கிறார்கள்.

இவ்வழக்கத்தைப் பற்றி மலைகளில் ஒரு பழங்கதை சொல்வார்கள். செல்வந்தனான நண்பன் ஏழை நண்பனின் வீட்டுக்கு வந்தான். விருந்து வைக்க அங்கே ஒரு மணி அரிசியும் இல்லை. அந்த அவமானத்தில் ஏழையும் அவன் மனைவியும் உயிரை விட்டனர். அதைக் கண்ட செல்வந்தனும் உயிர்துறந்தான். அவர்களிடமிருந்தே பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் தோன்றின என்றும், அதன்பின் எந்த ஏழைக்கும் விருந்தினரை உபசரிக்க ஏதாவது ஒன்று இருந்தது என்றும் கதை முடியும்.

தாய்லாந்திலும் ஒரு காலத்தில் வெற்றிலைத் தட்டம் வீட்டுக்கு வீடு இருந்தது. 'சவத்தீ'யை அதிகாரபூர்வ முகமனாக்கிய அதே பீபூன் அரசுதான், நாகரிகத்துக்கு ஒவ்வாதது என்று கருதி வெற்றிலை பாக்கு மெல்வதை ஒழிக்க முனைந்தது. ஒரு முகமன் அரசாணையால் வந்தது. மற்றொன்று அரசாணையால் தேய்ந்தது.

நன்றியை எப்படிச் சொல்வது?

தாய்லாந்தில் 'கோப் குன் க்ரப்' அல்லது 'கோப் குன் கா'. இதிலுள்ள 'குன்' என்பது 'குணம்' என்ற வடசொல்லே. செய்த நன்மையைக் குறிக்கிறது. 'மிக்க நன்றி' என்பதற்கு 'மாக்' சேர்த்துக் 'கோப் குன் மாக்' என்பர். 'கோப் சை' என்றும் ஒன்று உண்டு. அது மூத்தவர் இளையவருக்குச் சொல்வது, ஆகவே நாம் அதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. பதிலுக்கு 'மை பென் ரை', அதாவது 'பரவாயில்லை' என்பார்கள். காலை மிதித்துவிட்டவருக்கும் பேருந்தைத் தவறவிட்டவருக்கும் சொல்லப்படும் ஆறுதலும் அதே 'மை பென் ரை'தான்.

காசியில் மீண்டும் 'குப்லேய்'. மிகுதியாகச் சொல்ல 'குப்லேய் ஷிபுன்'. அதற்குப் பதிலும் 'குப்லேய்' ஆகவே இருக்கலாம்; வாழ்த்துக்கு வாழ்த்து.

மன்னிப்புக் கேட்பது எப்படி?

தாய்லாந்தில் 'கோ தோட்'. 'கோ' என்றால் கேட்டுக்கொள்வது. 'தோட்' என்பது நாம் 'தோஷம்' என்று வழங்கும் அதே சொல். காசியில் 'மாப் யா ஙா', 'என்னை மன்னியுங்கள்'; இந்த 'மாப்' இந்துஸ்தானியின் 'மாஃப்' வழியாக வந்தது. இரு மொழிகளும் மன்னிப்புக்கு வெளியிலிருந்து சொல்லைக் கடன் வாங்கியிருப்பதைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. ஆனால் துயரத்தில் பங்குகொள்ளும்போது இச்சொற்கள் உதவா. அதற்குச் சொந்தச் சொற்களே இருக்கின்றன. தாய்லாந்து மொழி 'சியா சை' (மனம் கெட்டுப்போதல்) என்றும், காசி மொழி 'ஸ்ங்யூசி' (கெட்டதாக உணர்தல்) என்றும் சொல்லும்.

'தயவுசெய்து' என்பதற்குச் சொல் என்ன?

'ஸ்ங்யூசி'யின் மறுபுறம் 'ஸ்ங்யூபா', அதாவது நல்லதாக உணர்தல். காசியில் இதுவே 'தயவுசெய்து' என்பதற்கும் பயன்படுகிறது: 'ஸ்ங்யூபா ஐ உம்' என்றால் 'தயவுசெய்து தண்ணீர் தாருங்கள்'. தாய்லாந்தில் 'கருணா' என்ற சொல் உண்டு, நம் கருணையேதான். ஆனால் அது அறிவிப்புப் பலகைக்கு உரியது. தண்ணீர் கேட்பவர் 'கோ நாம் நோய்' என்பார். கடைசியிலுள்ள 'நோய்' பிணியைக் குறிப்பதன்று; 'கொஞ்சம்' என்று பொருள். குவளை நிறைய வேண்டும்போதும் 'கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்' என்று கேட்பவர்கள் நாம் என்பதால் இது எளிதில் பிடிபடும்.

அறிமுகமில்லாதவரை எப்படி அழைப்பது?

காசியில் ஆணைப் 'பா' (அண்ணன்) என்றும், பெண்ணைக் 'கோங்' (அக்கா) என்றும் அழைக்கலாம். ஷில்லாங்கின் சோற்றுக்கடையில் பரிமாறும் பெண்மணியும் 'கோங்'தான், அலுவலகத்து மேலதிகாரியும் 'கோங்'தான். தாய்லாந்தில் சற்று மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்', பெற்றோரைவிட மூத்தவராகத் தெரிபவர் 'லுங்' (பெரியப்பா) அல்லது 'பா' (பெரியம்மா). முறையான சூழலில் பெயருக்கு முன் 'குன்' சேர்ப்பார்கள். அதுவும் குடும்பப் பெயருக்கு முன் அன்று, இயற்பெயருக்கு முன். குடும்பப் பெயர்களே அங்கு 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை.

இரண்டையும் சேர்த்துக் கற்பவர் வழுக்கி விழும் இடங்கள் இங்கே நிறைய. தாய்லாந்தின் 'குன்' மரியாதைக்குரியவர். காசியின் 'குன்' குழந்தை. தாய்லாந்தின் 'பீ' அக்கா அல்லது அண்ணன். காசியின் 'பி' நீங்கள். தாய்லாந்தில் அந்தப் 'பீ'யை இறங்கு தொனியில் சொல்லாமல் ஏறு தொனியில் சொன்னால் 'பேய்' ஆகிவிடும். ஐந்து தொனிகள் கொண்ட மொழியில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. காசி மொழியில் தொனி இல்லை. ஆனால் 'ப'கரங்களை மூச்சு சேர்த்தும் சேர்க்காமலும் ஒலிப்பதில் பொருள் மாறும். பெண்ணை உரிமையோடு சுட்டும் 'பா' மூச்சு சேர்ந்தது. அண்ணனை அழைக்கும் 'பா' நம் 'பாக்கியம்' என்பதில் வருவது போன்ற மெல்லொலி. தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால், காதால் கேட்டுப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுச் சமயப் பணியாளர் 1841இல் சோராவுக்கு வந்து உரோமன் எழுத்தில் காசி மொழியை எழுதத் தொடங்கியதால், அவ்வெழுத்தில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

'உங்கள் குலம் எது?' என்று காசி மக்கள் கேட்டால் அது மரியாதைக் குறைவா?

அன்று. அவர்கள் தாய்வழிச் சமூகத்தார். குழந்தைகள் தாயின் குலப்பெயரைப் பெறுகிறார்கள், ஒரே குலத்துக்குள் மணம் கூடாது. 'திப் குர் திப் கா', தாய்வழி உறவையும் தந்தைவழி உறவையும் அறிந்திரு, என்பது அவர்களின் அடிப்படை நெறிகளில் ஒன்று. குலப்பெயர் தெரிந்தால்தான் எதிரிலிருப்பவர் எந்த உறவுமுறை என்பது தெரியும். அதன்பிறகே சரியான விளியும் பேச்சும். நம்மூரில் இத்தகைய கேள்வி சாதி விசாரிப்பாகிவிடும் என்பதால் கூசுவோம். அங்கே அது உறவு தேடும் கேள்வி. தாய்லாந்தில் இவ்விடத்தை வயது பிடித்துக்கொள்கிறது. 'பீ'யா 'நோங்'கா என்று முடிவு செய்வதற்காகவே வயதைக் கேட்பார்கள்.

விடைபெறும்போது என்ன சொல்வது?

பாடநூல்கள் தரும் 'லா கோன்' என்பதைத் தாய்லாந்து மக்கள் அன்றாடம் சொல்வதில்லை. நெடுங்காலம் பிரிபவர்களின் சொல் அது. மீண்டும் 'சவத்தீ' சொல்லலாம், அல்லது 'பை கோன் நா', 'முன்னே போகிறேன்' எனலாம். பயணம் போகிறவருக்குச் 'சோக் தீ', நல்ல யோகம் அமையட்டும். காசியில் 'குப்லேய்', அல்லது போகிறவரைப் பார்த்து 'லெய்ட் சுக்', சுகமாய்ப் போய் வாருங்கள்.

துக்க வீட்டில் எப்படிப் பேசுவது?

தாய்லாந்தில் 'சியா சை துவய்', 'உங்களோடு நானும் வருந்துகிறேன்' என்று சொல்லிக் கைகூப்பினால் போதும். காசி வீட்டில் 'ஸ்ங்யூசி' என்று சொல்லலாம். சொல்லாமல் அமர்ந்திருந்தாலும் தவறில்லை, பாக்குத் தட்டு அங்கேயும் வரும். 'இறந்துவிட்டார்' என்ற சொல்லை அவர்கள் நேராகச் சொல்லாமல், 'கடவுளின் வீட்டில் க்வாய் மெல்லப் போய்விட்டார்' என்று சொல்வதைக் கேட்பீர்கள்.